பொழுதைப் பார்த்துவிட்டு விமானம் ஏறுங்கள்

வடதுருவ ஒளி பார்க்கக் கிளம்பும் கோவை, திருப்பூர், ஈரோட்டு அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



உங்கள் வீட்டு அலமாரியில், பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்கும் கரண்ட் பில் ரசீதுகளுக்கும் நடுவே, கறுப்பு வில்லை ஒட்டிய அட்டைக் கண்ணாடி ஒன்று கிடக்கலாம். 2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை காலை ஒன்பதரை வாக்கில் நம் ஊர்களுக்கு மேலே சூரியன் வளையல் மாதிரி நின்றதே, அன்றைக்கு வாங்கியது. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் என்று நிழல் நம் பக்கமாகவே நடந்து போனது. அரையாண்டு விடுமுறை என்றாலும் என் பள்ளி மைதானத்துக்குப் பாதிப் பள்ளிக்கூடம் வந்துவிட்டது. அந்தக் கண்ணாடியைத் தேடி எடுத்து வையுங்கள். துருவ ஒளி பார்க்கப் போகிறவருக்கு முதலில் வேண்டிய சாமான் அதுதான். கம்பளிக் கோட்டெல்லாம் பிறகு.

நான் மேட்டுப்பாளையத்தில் இருக்கும் ஓய்வு பெற்ற இயற்பியல் டீச்சர். சமீபமாக எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ட்ரோம்சோ என்கிறார், ஐஸ்லாந்து என்கிறார். துபாயும் பாங்காக்கும் அலுத்துவிட்டன போலிருக்கிறது. போன மாதம் ஒருவர் பயணத் துண்டறிக்கை ஒன்றைக் காட்டினார். ஐந்து இரவு, ஆறு பகல், 'துருவ ஒளி உறுதி'. அந்தக் கடைசிச் சொல்தான் என்னை இதை எழுத வைத்தது. மழைக்கு உறுதி கொடுக்கிறவனை நம்பி நம் விவசாயி யாராவது விதைக் காசைக் கொடுத்ததுண்டா?

நானும் போய் வந்தவள்தான். மகள் குடும்பம் நார்வேயில் இருக்கிறது. ட்ரோம்சோவில் மூன்று ராத்திரி மேகம். நான்காம் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வடக்கே சாம்பல் நிறத்தில் ஏதோ புகைந்தது. தோட்டத்தில் யாரோ சருகைக் கொளுத்திவிட்டார்கள் என்றால் நம்பியிருப்பேன். மருமகன் போனை நீட்டிப் பிடித்தார். திரையில் பச்சைப்பசேல் என்றிருந்தது. மங்கலான வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. கேமரா பத்து விநாடி திறந்து கிடந்து வெளிச்சத்தைச் சேர்த்துக்கொள்ளும். நீங்கள் பார்த்த படங்கள் எல்லாம் அப்படிச் சேர்த்தவை. அடடா, இதற்கா இவ்வளவு செலவு என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் உச்சியில் ஒரு கிழிசல் விழுந்தது. நிஜமான பச்சை, அடி விளிம்பில் ரோஸ். சாயப்பட்டறைக் கொடியில் காயும் துணியைக் காற்று மொத்தமாகப் பிடித்து உதறியது மாதிரி. பத்து நிமிஷம்கூட இருக்காது. பக்கத்தில் நின்ற பெரியவர் யாழ்ப்பாணத்துக்காரர்; 1980களில் வடக்கு நார்வேயின் மீன் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சிகரெட்டை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவருக்கு அது வாசல் வேப்பமரம்.

அந்தப் பத்து நிமிஷம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு போனால் மூன்று ராத்திரி மேகத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.

அது துருவத்தில் தொடங்குவதில்லை, பொழுதில் தொடங்குகிறது. நம் பக்கத்தில் சூரியனையே பொழுது என்றுதானே சொல்வோம்? பொழுது கிளம்பிவிட்டது, பொழுது இறங்கிவிட்டது. அந்தப் பொழுதின் முகத்தில் சில இடங்களில் காந்தப்புலம் முறுக்கேறிக் கட்டிக்கொள்கிறது. உள்ளிருந்து வரும் வெப்பத்தை அது தடுப்பதால் அந்த இடம் சற்றுக் குளிர்ந்து கறுப்பாகத் தெரியும். சூரியப் புள்ளி என்பது இதுதான். சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை புள்ளிகள் பெருகி, பிறகு வற்றும். நீங்கள் வளையம் பார்த்த 2019-இல் நான்கில் மூன்று பங்கு நாட்கள் சூரியன் துடைத்து வைத்த தாம்பாளம் மாதிரி இருந்தது. அந்த டிசம்பர் மாதத்தையே பழைய சுற்றின் முடிவாகவும் 25-ஆம் சுற்றின் தொடக்கமாகவும் கணக்கில் எழுதினார்கள். 2024 அக்டோபரில் அது உச்சம் தொட்டது. இப்போது இறங்குமுகம்.

இறங்குமுகம் என்றதும் டிக்கெட்டை ரத்து செய்துவிடாதீர்கள். 2003 அக்டோபர் கடைசியில் வந்த பெரும் புயல்கள், அந்தச் சுற்றின் உச்சம் கடந்து சுமார் இரண்டு ஆண்டு ஆன பிறகு வந்தவை. வெயில் காலத்தின் மோசமான சூடு சித்திரைக் கடைசியில் தொடங்கும் அக்கினி நட்சத்திரத்தில்தானே வருகிறது.

முறுக்கிய காந்தக் கட்டு சில சமயம் அறுந்து, கோடிக்கணக்கான டன் மின்னேறிய வாயுவை வீசி எறியும். வெடித்த வெளிச்சம் எட்டே கால் நிமிஷத்தில் நமக்கு வந்துவிடும். வாயு மேகம் வந்து சேர ஒன்றிலிருந்து மூன்று நாள் பிடிக்கும். 2024 மே மாதம் முதல் வாரத்தில் 13664 என்று எண்ணிட்ட புள்ளிக் கூட்டம் ஒன்று பூமியைப் பதினைந்து முறை வரிசையாக வைத்தால் வரும் அகலத்துக்கு வளர்ந்தது. எங்கள் மொட்டை மாடியில் நின்று அந்த அட்டைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தொலைநோக்கி இல்லை, ஒன்றும் இல்லை. வெல்லக்கட்டியில் எறும்பு உட்கார்ந்த மாதிரி இருந்தது. அது அடுத்தடுத்து வீசியவை ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டு மே 10 ராத்திரி பூமியில் மோதின. 2003-க்குப் பிறகு ஜி5 என்ற உச்ச அளவைத் தொட்ட முதல் புயல் அது. உலகம் முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ராத்திரிக்கு இரண்டு நாள் முன்பே, மேட்டுப்பாளையத்தில் துணி காயப்போட வந்தவள் காரணத்தைப் பார்த்துவிட்டேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

உடனே வாட்ஸ்அப்பில் கேள்வி: லடாக்கில் தெரிந்ததாமே, கோயம்புத்தூரில் எப்போது?

லடாக்கில் தெரிந்தது நிஜம். ஹன்லேயில் இந்திய வானியற்பியல் நிறுவனம் வைத்திருக்கும் முழுவானக் கேமராக்களில் அன்று அடிவானத்தில் சிவப்பாகப் பதிந்தது. அதே ஆண்டு அக்டோபர் 10 ராத்திரியும் பதிந்தது. ஆனால் அது ட்ரோம்சோவின் ஆடும் பச்சை அல்ல. மிக உயரத்தில், அசையாமல் நிற்கும் செவ்வளைவு. பச்சையும் சிவப்பும் ஒரே ஆக்சிஜன் அணுவின் வேலைதான். தூண்டப்பட்ட அணு ஒரு விநாடிக்குள் பச்சையை உமிழ்ந்துவிடும். சிவப்பை உமிழ அதற்கு இரண்டு நிமிஷம் வரை ஆகும். 100, 150 கிலோமீட்டர் உயரத்தில் காற்று நெரிசல் அதிகம். இரண்டு நிமிஷம் யாரும் இடிக்காமல் நிற்க முடியாது. ஆகவே அங்கே பச்சை மட்டும். 200 கிலோமீட்டருக்கு மேலே இடிப்பார் இல்லை, அங்கே சிவப்பு. உயரத்தில் இருப்பது தொலைவிலிருந்தும் தெரியும் என்பதால் தெற்கே இருப்பவருக்குக் கிடைப்பது சிவப்புதான். இந்த நெரிசல் கணக்கை, காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவரும் வெள்ளியங்கிரி உச்சியில் நிற்கிறவரும் என்று வைத்து வகுப்பில் நடத்துவேன், பிள்ளைகள் மறந்ததில்லை.

கோவைக்கு அந்தச் சிவப்பும் வராது. காரணம் குளிரோ வடக்கோ இல்லை, காந்தம். காந்த ஊசியை நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டால் ட்ரோம்சோவில் கிட்டத்தட்ட செங்குத்தாகத் தலைகீழாக நிற்கும். நம் ஊரில் படுத்துக்கொள்ளும். பூமியின் காந்த நடுக்கோடு நமக்குச் சற்றுத் தெற்கே, திருநெல்வேலி, திருவனந்தபுரம் பக்கமாகப் போகிறது. தும்பாவில் 1963-இல் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததே அதனால்தான். மின்னேறிய துகள்கள் காந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போகும். அந்தக் கோடுகள் துருவப் பக்கம் தரையில் இறங்குகின்றன. நமக்கு மேலே கிடைமட்டமாகத் தாண்டிப் போகின்றன. இறங்க ஏணி இல்லை. 1872 பிப்ரவரி 4 புயலில் பம்பாய் வரை வானம் சிவந்ததாகப் பதிவு இருக்கிறது. அதையும் தாண்டிப் பாலக்காட்டுக் கணவாய் வரை வர வேண்டுமென்றால் அந்த வெளிச்சத்தைப் பார்த்து ரசிக்கிற நிலைமையில் மின்வாரியம் இருக்காது.

ஆனால் சூரியப் புயல் நம்மைத் தொடாமல் விடுவதில்லை, கண்ணுக்குத் தெரியாமல் தொடுகிறது. புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில், பங்குனி, புரட்டாசி ஒட்டிய மாதங்களில், பொழுது விழுந்த பிறகு காந்த நடுக்கோட்டுக்கு மேலே, உயரத்தில் மின்னேறிக் கிடக்கும் காற்று அடுக்கான அயனி மண்டலம் சோறு கொதிக்கிற மாதிரி குமிழ் விட்டு எழும்பும். செயற்கைக்கோள் சமிக்ஞை அதற்குள் புகுந்து வரும்போது நடுங்கும், ஜிபிஎஸ் தடுமாறும். 2024 மே புயல் வந்தபோது அமெரிக்காவில் விதைப்புக் காலம். ஜிபிஎஸ் பார்த்து நேர்கோட்டில் ஓடும் டிராக்டர்களை நிறுத்த வேண்டியதாயிற்று. கனடாவின் கியூபெக்கில் 1989 மார்ச் 13 அன்று வந்த சூரியப் புயலில் அறுபது லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் கரண்ட் போனது. ஒன்பது மணி நேரம் என்றால் என்ன என்று விசைத்தறிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நீங்கள் ஏழாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பறந்து போய் ஒரு கதையின் கடைசி அத்தியாயத்தைப் படிக்கப் போகிறீர்கள். முதல் அத்தியாயத்தை எழுதிய இடங்களில் இரண்டு உங்கள் மொட்டை மாடியிலிருந்து தெரியும் மலைகளில் இருக்கின்றன. அங்கே நீங்கள் போட்டிங் போயிருப்பீர்கள், வர்க்கியும் சாக்லேட்டும் வாங்கியிருப்பீர்கள்.

கொடைக்கானலில் சூரிய வானாய்வகம் ஏன் வந்தது தெரியுமா? நம் பஞ்சத்தால். தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்வார்களே, 1876-இல் தொடங்கியது, சேலம், கோயம்புத்தூர் ஜில்லாக்களை எலும்பாக்கிவிட்டுப் போனது. அதைப் பற்றிக் கொங்கு நாட்டில் பாடிய பஞ்சக் கும்மிகளை ஈரோட்டுப் புலவர் செ. இராசு தேடிப் பதிப்பித்திருக்கிறார். அந்தக் கும்மி பாடப்பட்ட அதே காலத்தில் லண்டனில் லாக்யர் என்ற வானியலாளரும் ஹண்டர் என்ற அதிகாரியும் 'சூரியப் புள்ளிகளும் பஞ்சங்களும்' என்று கட்டுரை எழுதினார்கள். 1877. சென்னையின் மழைக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு, புள்ளி குறையும் ஆண்டுகளில் மழையும் குறைகிறது என்றார்கள். அப்படியானால் சூரியனைத் தினமும் பார்த்தால் அடுத்த பஞ்சத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாமே! இந்த ஆசை அரசாங்கத்தின் காதில் நெடுநாள் ரீங்கரித்தது. 1893-இல் கெல்வின் பிரபு தலைமையிலான குழு கொடைக்கானலைத் தேர்ந்தது. 1899-இல் வானாய்வகம் மலையேறியது.

மழை ஜோசியம் பலிக்கவில்லை. இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர் கணக்குப் போட்டுப் பார்த்து, புள்ளிக்கும் பருவமழைக்கும் உள்ள உறவு நம்பிச் சொல்லும் அளவுக்கு இல்லை என்று கண்டார். பசிபிக் பெருங்கடல் பக்கம் திரும்பி வேறு ஒரு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்தார், அது தனிக் கதை. ஆனால் பஞ்சத்துக்காகக் கட்டிய கூடத்தில் சூரியனைப் படம் பிடிப்பதை மட்டும் அவர்கள் நிறுத்தவில்லை. உலகப் போர் வந்தது, சுதந்திரம் வந்தது, படம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். நூறாண்டுக்கு மேலான அந்த வரிசைக்கு உலகத்தில் ஜோடி மிகக் குறைவு. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், புள்ளியின் விளிம்பிலிருந்து வாயு வெளிப்பக்கமாக வழிந்தோடுவதை அங்கேதான் கண்டார். உலகப் பாடப்புத்தகங்களில் அது எவர்ஷெட் விளைவு. என் மாணவர்கள் யாரும் அது பழனி மலைக்கு மேலே நடந்தது என்று நான் சொல்லும்வரை நம்பியதில்லை. அங்கே ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. மன்னவனூர் ஏரிக்குப் போகும் அவசரத்தில் தாண்டிப் போய்விடாதீர்கள்.

இப்போது ஒரு பொருத்தம் பாருங்கள். அதே 1899-இல் வடக்கு நார்வேயில், ஆல்டா ஊருக்குப் பக்கத்து ஹால்டே மலை மேல், கிறிஸ்டியான் பிர்க்லான்ட் என்பவர் துருவ ஒளியைக் கவனிக்கக் கல்கட்டிடம் எழுப்பினார். கண்ணாடிப் பெட்டிக்குள் காந்தப் பந்தை வைத்து, அதன் மேல் மின் துகளைப் பாய்ச்சி, துருவத்தில் வளையமாக ஒளிர வைத்துக் காட்டியவர். சூரியனிலிருந்து துகள் வருகிறது என்றார். அப்போது பெரிய தலைகள் ஏற்கவில்லை. செயற்கைக்கோள்கள் மேலே போன பிறகுதான் அவர் சொன்ன மின்னோட்டங்கள் அங்கே இருப்பது தெரிந்தது. ஒரே ஆண்டில் இரண்டு மலை. ஒன்றில் வெளிச்சத்துக்குக் காத்திருந்தார்கள், மற்றதில் அதை அனுப்புகிறவனைப் படம் பிடித்தார்கள். ஒருவரை ஒருவர் நினைத்திருப்பார்களா என்று எனக்குத் தோன்றும். ஆல்டா வரை போகிறவர்கள் ஹால்டேயை நிமிர்ந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

ஊட்டிக்கு வருவோம். முத்தோரையில் ஒரு மலைச்சரிவு முழுக்க 530 மீட்டர் நீளத்துக்கு, 30 மீட்டர் அகலத்தில், பாதியாகப் பிளந்த குழாய் மாதிரி ஒரு ரேடியோ தொலைநோக்கி படுத்திருக்கிறது. வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் 1970-இல் முடித்தது. 24 சட்டங்கள், 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள், எல்லாம் உள்ளூர் வேலை. அந்தச் சரிவின் சாய்வு சுமார் 11 பாகை. அந்த இடத்தின் அட்சரேகையும் அதுவே. அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாகக் கிடக்கிறது. ஒரே அச்சில் மெல்லத் திருப்பினால் போதும், வானத்தில் ஒரு பொருளை ஒன்பதரை மணி நேரம் பின்தொடரும். இப்படி ஒரு சரிவைத் தேடி மலை மலையாக அலைந்திருக்கிறார்கள். எனக்கு இதைவிட அழகான பொறியியல் தெரியாது. கோவை பம்ப்செட் பட்டறைக்காரர்கள் மன்னிக்கவும். பொழுதிலிருந்து ஓயாமல் வீசும் மின் துகள் ஓட்டமான சூரியக் காற்று குறுக்கே போகும்போது தொலைதூர ரேடியோ மூலங்கள் மினுக்கும், அவிநாசி ரோட்டில் மே மாத மத்தியானம் எதிரே வரும் பஸ் கானலில் நெளிவது மாதிரி. அந்த மினுக்கலிலிருந்து காற்றின் வேகத்தையும் அடர்த்தியையும் கணக்கிடுகிறார்கள்.

ஊட்டியிலேயே இன்னொன்றும் இருக்கிறது, கிரேப்ஸ்-3. கான்கிரீட் பாளங்களுக்கு அடியில் 3,712 இரும்புக் குழாய்கள். விண்கதிர்களால் பிறக்கும் மியூவான் துகள்களை இரவு பகலாக எண்ணுவது வேலை. 2015 ஜூன் 22 அன்று எண்ணிக்கை திடீரென்று ஏறி இரண்டு மணி நேரம் நின்றது. சூரியன் வீசிய மேகம் மோதி, பூமியின் காந்தக் கவசம் பூமி ஆரத்தைப் போல் 11 மடங்கு தொலைவில் இருந்தது 4 மடங்குக்கு அமுங்கியதால் விண்கதிர்கள் கூடுதலாகப் புகுந்துவிட்டன என்று கணக்கிட்டு மறு ஆண்டு வெளியிட்டார்கள். அந்தப் புயலில் வடக்கே வானம் ஆடியது. தெற்கே நமக்கு எண்களாக வந்தது.

இனிக் கொஞ்சம் காரியப் பேச்சு. பள்ளிக் கோடை விடுமுறையில் போகாதீர்கள். மே முதல் ஆகஸ்ட் பாதி வரை அங்கே ராத்திரியே ராத்திரியாக இருக்காது. செப்டம்பர், அக்டோபரும் மார்ச்சும் நல்லவை. பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டி பூமியின் காந்தம் சூரியக் காற்றுக்கு எளிதாக இடம் கொடுக்கிறது. ஆயுத பூஜை விடுமுறை பொருந்தி வரும். ட்ரோம்சோ துருவ ஒளி வளையத்துக்கு அடியிலேயே இருப்பதால் அங்கே சிறு புயலே போதும், எதிரி மேகம்தான். ஆகவே புயலின் வலுவைச் சொல்லும் கேபி எண்ணைப் பார்த்து அங்கலாய்ப்பதை விட்டு, மேகம் இல்லாத பக்கமாக உள்நாட்டுக்குள் வண்டி ஓட்டுகிற ஆளைப் பிடியுங்கள். ஸ்வீடனின் அபிஸ்கோ மலை மறைவில் இருப்பதால் வானம் அடிக்கடி வெளுக்கும். செயலிகளில் பிஇசட் என்று ஓர் எண் இருக்கும். வரும் காற்றின் காந்தம் தெற்கே சாய்ந்திருக்கிறதா என்று அது சொல்லும். மைனஸில் நெடுநேரம் நின்றால் கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே ஓடுங்கள். அந்த எண் 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் விண்கலங்களிலிருந்து வருவது. கிடைக்கும் அவகாசம் அரை மணி, ஒரு மணிதான். நம் ஆதித்யா-எல்1 கலமும் 2024 ஜனவரி 6 முதல் அதே வட்டாரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர்.

கண்ணாடியை மறக்கவில்லையே? அலமாரியிலிருந்து எடுத்ததும் பல்பைப் பார்த்துச் சோதியுங்கள். கீறலோ ஓட்டையோ தெரிந்தால் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். எக்ஸ்ரே ஃபிலிம், கூலிங் கிளாஸ் எதுவும் ஆகாது. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே காலையில் காபித் தம்ளரோடு மாடிக்குப் போய் ஒரு நிமிஷம் பாருங்கள். சூரியன் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு அதே முகத்தைச் சுமார் 27 நாளில் மறுபடி நமக்குக் காட்டும். இன்றைக்கு நடுவில் பெரிய புள்ளிக் கூட்டம் தெரிந்தால், அது கலைந்து போகாமல் இருந்தால், நீங்கள் பனியில் நிற்கும் வாரத்தில் அது மறுபடி நேர்முகமாக வரலாம். நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

திருப்பூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஒன்று சொல்லியாக வேண்டும்: உடம்போடு ஒட்டிப் போடுவது பருத்தி பனியனாக இருக்க வேண்டாம். வேர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு ஐஸ் மாதிரி ஒட்டும். கம்பளி உள்ளாடை போடுங்கள். சொந்தக் கம்பெனி சரக்கை மேலே போட்டு போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் பழைய இயற்பியல் டீச்சர்
மேட்டுப்பாளையம்